கால் மணி நேர டெஸ்ட் டிரைவை வைத்து எலெக்ட்ரிக் எஸ்யூவியைச் சொந்த டீசல் காருடன் ஒப்பிடலாமா?

சேலத்தில் 2018ஆம் ஆண்டு ஹூண்டாய் கிரெட்டா 1.6 டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறீர்கள். சென்ற வாரம் கிரெட்டா எலெக்ட்ரிக்கில் 51.4 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட வகையைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உங்கள் காரில் ஏறியபோது, அது லாரியைப் போலத் தோன்றியது என்கிறீர்கள். பின்னிருக்கையில் அமர்ந்து வந்த உங்கள் மனைவிக்கோ புதிய கார் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டில் எது நல்ல கார் என்று கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், உங்கள் விவரிப்பைப் படித்தால் உள்ளே இருக்கும் கேள்வி வேறாகத் தெரிகிறது: அந்தக் கால் மணி நேரத்தில் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தோன்றியவற்றில் எதை நம்பலாம், நம்ப முடியாததை எப்படிச் சோதிப்பது என்பதே அது. கார்களின் ஓட்டத் தன்மையை மதிப்பிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். பேட்டரியின் வேதியியல் என் துறை அன்று. அதைப் பற்றிக் கீழே குறைவாகவே சொல்வேன்.

நீங்கள் உணர்ந்த வேறுபாட்டில் மூன்று வேறுபாடுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மின்மோட்டாருக்கும் டீசல் எஞ்சினுக்கும் இடையே உள்ளது முதலாவது. எந்த நிறுவனத்தின் எலெக்ட்ரிக் காரை ஓட்டியிருந்தாலும் இதை உணர்ந்திருப்பீர்கள். இந்தக் குறிப்பிட்ட காரின் இருக்கை, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கே உரியது இரண்டாவது. மூன்றாவது, புதிய காருக்கும் பல ஆண்டுகள் ஓடிய காருக்கும் உள்ள வேறுபாடு. இதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் தம் நெகிழ்வை இழப்பதும், ஷாக் அப்சார்பர்கள் தளர்வதும், டயரின் ரப்பர் கெட்டியாவதும் மிக மெதுவாக நடப்பதால், நாள்தோறும் அந்தக் காரை ஓட்டுபவருக்கு அவை தெரிவதே இல்லை; புதிய கார் ஒன்றிலிருந்து இறங்கி ஏறும் அந்த ஒரு நிமிடத்தில்தான் மொத்தமாகத் தெரியவருகின்றன. ஆகவே "லாரி போல" என்று நீங்கள் சொன்னதில் ஒரு பங்கு டீசலுக்கு உரியது, ஒரு பங்கு வயதுக்கு உரியது. இதைப் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே ஷோரூமில் இப்போதைய கிரெட்டாவின் 1.5 டீசல் வகையும் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும். அதை அதே நாளில், அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். அதிலிருந்து இறங்கி ஏறும்போதும் உங்கள் கார் லாரியாகவே தோன்றினால், உங்களைக் கவர்ந்தது மின்சாரம் அன்று, புதுமைதான். அப்போது மவுண்டுகளையும் ஷாக் அப்சார்பர்களையும் டயர்களையும் மாற்றுவதற்கு ஆகும் செலவைப் புதிய காரின் விலைக்கு அருகில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஒப்பிடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணர்வை மதிப்பிடும்போது வரிசை முக்கியம்: முதலில் உங்கள் கார், பிறகு புதிய கார், மீண்டும் உங்கள் கார் என்று ஓட்ட வேண்டும். முதல் சுற்றில் பெரிதாகத் தெரிந்த சில வேறுபாடுகள் மூன்றாம் சுற்றில் சுருங்கிவிடும். சுருங்காமல் நிற்பவையே உண்மையானவை. பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷோரூம்காரர்கள் தேர்ந்தெடுக்கும் பாதை பெரும்பாலும் வழவழப்பான சாலையாகவே இருக்கும். நீங்கள் தினமும் செல்லும் வழியில் வேகத்தடையும் குழியும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள ஒரு பகுதியை, குறுகிய தெருத் திருப்பம் ஒன்றை, உங்கள் வீட்டு வாயிலின் சரிவை அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கார்களிலும் டயர் காற்றழுத்தம் நிறுவனம் குறித்த அளவில் இருக்கட்டும். காட்சிக் கார்களில் அது பல நேரங்களில் கவனிக்கப்படுவதில்லை, சில புள்ளிகள் கூடினாலே குழிகளில் தூக்கிப் போடும் என்பதால் சஸ்பென்ஷன் மீது தவறான பழி விழும். ஏசி ஒரே அளவில், ஆட்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். விற்பனையாளர் ஏறியவுடன் பாட்டை ஒலிக்கவிடுவது வெறும் உபசாரம் அன்று. டயர் ஒலியை அது மூடிவிடும். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் இறங்கும் வரை கருத்தைப் பரிமாறிக்கொள்ளாமல், தனித்தனியே தாளில் குறித்துவைப்பது எங்கள் துறையின் பழக்கம். கணவனும் மனைவியும் இதைக் கடைப்பிடிப்பது சற்றுக் கடினம்தான், ஆனால் பலன் உண்டு.

இனி நீங்கள் வியந்த அந்த வேகத்துக்கு வருகிறேன். உங்கள் 1.6 டீசலின் உச்சத் திறன் 128 பிஎஸ் (குதிரைத்திறன்), முறுக்கு விசை ஏறத்தாழ 260 நியூட்டன் மீட்டர். நீங்கள் ஓட்டிய எலெக்ட்ரிக் வகையின் திறன் 171 பிஎஸ், முறுக்கு விசை 255 நியூட்டன் மீட்டர். முறுக்கு விசை எண்ணில் உங்கள் பழைய கார் ஒரு துளி கூடுதலாகவே இருப்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும் அது மந்தமாகத் தோன்றக் காரணம், அந்த விசை எப்போது கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. டீசல் எஞ்சின் தன் முழு விசையை எட்ட, சுழற்சி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்து எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவில் அழுத்தம் சேர வேண்டும். கியர்பெட்டியும் சரியான கியரைத் தேர்ந்து இறங்க வேண்டும். மின்மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு விசையையும் கொடுத்துவிடுகிறது. மாற்றுவதற்கு அதில் கியரே இல்லை. சிக்னலில் இருந்து கிளம்புவதிலும், 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குச் செல்வதிலும் நீங்கள் உணர்ந்த துள்ளல் இதனால் வந்தது, இது உறுதியான செய்தி. நிற்கும் நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இந்த வகைக்கு 7.9 வினாடி போதும் என்று நிறுவனம் சொல்கிறது. உங்கள் காருக்குக் கட்டாயம் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் நகர எல்லைக்குள் நடந்த ஓட்டத்தில் நீங்கள் பார்க்காதது 80க்கும் 110க்கும் இடைப்பட்ட வேகத்தில் ஒரு லாரியை முந்துவது. அங்கும் எலெக்ட்ரிக் காரே முந்தும், ஆயினும் நகரத்தில் தெரிந்த அளவு பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த வேகத்தில் உங்கள் டீசல் ஏற்கெனவே விழித்துக்கொண்டிருக்கும். முன்சக்கர இயக்கக் கார் என்பதால், ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் முன்சக்கரங்கள் வழுக்கப் பார்ப்பதும், டிராக்ஷன் கட்டுப்பாடு குறுக்கிடுவதும் நடக்கும். மழை பெய்த மாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் கார் தானே வேகம் குறைவதை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். மோட்டார் மின்னாக்கியாக மாறி, காரின் இயக்க ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் இது நிகழ்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள பேடில்கள் மூலம் இதன் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒற்றைப் பெடலிலேயே கார் நிற்கும் வரை ஓட்டும் வசதியும் உண்டு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால் திரும்ப வரும் ஆற்றலுக்கு இடம் இல்லாததால் இந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே டெஸ்ட் டிரைவ் தொடங்கும்போது திரையில் எத்தனை விழுக்காடு சார்ஜ் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 100 விழுக்காட்டில் ஓட்டிய காரும் 60 விழுக்காட்டில் ஓட்டிய காரும் காலுக்கு வேறு வேறாகத் தோன்றும். உங்கள் மனைவிக்குப் பிடிக்காமல் போனதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கக்கூடும். பழகாதவர் ஓட்டும்போது காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவரின் தலை முன்னே சாய்கிறது, சிலருக்குக் குமட்டலே வரும். அடுத்த முறை இந்த ஆற்றல் மீட்பின் அளவை மிகக் குறைவான நிலையில் வைத்து ஓட்டுங்கள். குறை அப்போதும் நீடித்தால் காரணம் இருக்கையில் இருக்கிறது.

இருக்கையில் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம் என்பது என் கருத்து. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் என்று வடிவமைத்த காரின் தரைக்கடியில் பேட்டரியைப் பொருத்தும்போது, காலை வைக்கும் தரை உயர்கிறது. இருக்கையை அதே அளவு உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். விளைவாக முழங்கால் மேலே எழும்பி, தொடை இருக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்குவதால் பத்து நிமிடத்தில் தெரியாத வலி இரண்டு மணி நேரத்தில் தெரியும். இது கிரெட்டாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. உங்கள் காரின் பின்னிருக்கையில் நீங்களே அமர்ந்து தொடைக்கும் இருக்கைக்கும் இடையே கையை நுழைத்துப் பாருங்கள். புதிய காரிலும் அதையே செய்யுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்பது கைக்கே தெரிந்துவிடும். வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

சஸ்பென்ஷன், ஒலி ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியால் எடை கூடுவதால் ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும். ஆளில்லாமல் குறைந்த வேகத்தில் குழிகள் கூர்மையாகத் தெரியலாம், முழுக் குடும்பமும் ஏறினால் அதே கார் நிதானமாகிவிடும். எடை தரையோடு ஒட்டிக் கீழே இருப்பதால் வளைவுகளில் உடல் சாய்வது குறைவு. எஞ்சின் ஒலி இல்லாத இடத்தில் டயர் ஒலியும் காற்றின் ஒலியும் முன்னுக்கு வரும்; 90 கிலோமீட்டருக்கு மேல் உங்கள் டீசலுக்கும் இதற்கும் உள்ள அமைதி வேறுபாடு, நகரத்தில் இருந்ததைவிடக் குறைந்திருக்கும்.

சார்ஜ் எவ்வளவு தூரம் வரும் என்பதில்தான் டெஸ்ட் டிரைவ் உங்களுக்கு எதையும் சொல்லாது. இந்த வகை 2025 ஜனவரியில் அறிமுகமானபோது அறிவித்த 473 கிலோமீட்டர், எம்ஐடிசி எனப்படும் இந்திய ஓட்டச் சுழற்சியின்படி ஆய்வகத்து உருளைகளின் மேல் பெற்ற எண். அந்தச் சுழற்சியில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான், ஏசியும் ஓடுவதில்லை. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது பயன்படும், பயணத்தைத் திட்டமிட உதவாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80லிருந்து 100 கிலோமீட்டருக்குச் சென்றால் அந்த எதிர்ப்பு மட்டும் 56 விழுக்காடு உயர்கிறது. நால்வருடன், ஏசியுடன், நான்கு வழிச்சாலையில் 100ஐ ஒட்டிச் சென்றால் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) செலவாகும் என்று வைத்துக்கொள்வது நியாயமான ஊகம். அளந்த எண் அன்று, ஊகம்தான். அதன்படி முழுப் பேட்டரிக்கு 320 கிலோமீட்டர். உங்கள் வீட்டிலிருந்து ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். ஆக ஒரு முறை நிற்கத்தான் வேண்டும். 50 கிலோவாட் வேக சார்ஜரில் 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற 58 நிமிடம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. சென்னை போய்ச் சேர மட்டும் அந்த நேரத்தில் பாதிக்கும் குறைவாக நின்றால் போதும். சாப்பிடும் நேரத்தோடு அது கழிந்துவிடும், சார்ஜர் வேலை செய்து, வரிசையும் இல்லாதிருந்தால். பண்டிகைக்கு முந்தைய இரவில் என்ன நடக்கும் என்பதற்கு என்னால் உறுதி தர இயலாது. 55 லிட்டர் டீசல் தொட்டியுடன் நிற்காமல் போய்த் திரும்பிய பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. மாற வேண்டியது அந்தப் பழக்கம்.

டெஸ்ட் டிரைவின்போதே செலவை அளக்க முயன்றதாகவும், இரண்டு விழுக்காடு குறைந்ததை வைத்துக் கணக்கிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். இந்தப் பேட்டரியில் ஒரு விழுக்காடு என்பது அரை யூனிட், அதாவது மூன்று கிலோமீட்டருக்கு மேல். திரை முழு எண்களையே காட்டுவதால், எட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டு விழுக்காடு என்பது உண்மையில் ஒன்றே காலாகவும் இருக்கலாம், இரண்டே முக்காலாகவும் இருக்கலாம். குறைந்தது நூறு கிலோமீட்டர் ஓட்டாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஏற்காடு உங்களுக்கு அருகில் இருப்பது ஒரு வாய்ப்பு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உயர வேறுபாடு 1,200 மீட்டருக்குச் சற்று மேல். ஆட்களுடன் சேர்த்துக் கார் 1,900 கிலோ என்று கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 6 யூனிட்டுக்கு மேல் தேவை. இது இயற்பியல், இதில் ஐயம் இல்லை. உருளும் தடையும் மோட்டாரின் இழப்பும் அதற்கு மேல் சேரும். ஆகவே மலையேறும்போது திரையில் விழுக்காடு கண்ணெதிரே சரிவதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இறங்கும்போது அந்த 6 யூனிட்டில் பாதியை ஒட்டித் திரும்பி வரும் என்பது என் மதிப்பீடு; ஓட்டுபவரின் கால் பழக்கத்தைப் பொறுத்து அது மாறும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைச் சூடாக்காமல் இறங்கலாம் என்பதைத்தான் நான் அந்த மின்சாரத்தைவிடப் பெரிய லாபமாகக் கருதுவேன். உங்கள் டீசலில் கியரைக் கீழே பிடித்து இறங்கும் வேலையை இங்கே மோட்டார் செய்கிறது. மேலே தங்கும் விடுதியில் 100 விழுக்காடு ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள், அவ்வளவுதான். முன்பு சொன்ன காரணத்தால் முதல் சில வளைவுகளில் தடுப்பு குறைவாக இருக்கும்.

செலவில் உங்கள் எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் அளவு வீட்டு மீட்டரில் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக உயர்வது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே புதிய 350 யூனிட்டுக்கும் மேல்படி விலைதான் விழும் என்று எடுத்துக்கொண்டு உங்கள் கடைசி மின்கட்டண ரசீதை வைத்துக் கணக்கிடுங்கள். அப்படிக் கணக்கிட்டாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயைத் தாண்டுவது அரிது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் டீசல் காருக்கு அது ஆறு ரூபாயை ஒட்டி வரும். வெளியே வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் மூன்றரை ரூபாய் ஆகிவிடும். எனவே லாபம் நீங்கள் எங்கே சார்ஜ் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 11 கிலோவாட் சுவர் சார்ஜருக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் முழுப் பேட்டரியும் ஏறப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலும், தினம் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரவில் மூன்று மணி நேரம் போதும். காரை முன்பதிவு செய்யும் முன் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு எஞ்சும், அப்போது காரை விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பவற்றை எந்த ஓட்டமும் சொல்லாது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே குறைந்தால் அது செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கொடுத்த தகவல்களை வைத்துப் பார்த்தால், சொந்த வீட்டில் சார்ஜ் செய்ய இடம் இருக்கிறது, நாள் ஓட்டம் நகரத்துக்குள், சென்னைப் பயணம் மாதம் ஒரு முறை. இந்தச் சூழலில் எலெக்ட்ரிக் பக்கமே என் மனம் சாய்கிறது. பின்னிருக்கைக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை முன்பதிவு மட்டும் வேண்டாம். இதே காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மனைவியைப் பின்னால் அமரவைத்துச் சென்னைக்கு ஒரு முறை சென்று வாருங்கள். அவருக்கு அப்போதும் ஒத்துவரவில்லை என்றால், எலெக்ட்ரிக் காராகவே முதலில் இருந்து வடிவமைக்கப்பட்ட, முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,775 மில்லிமீட்டர் உள்ள மஹிந்திரா எக்ஸ்இவி 9இ-யில் அவரை அமரவைத்துப் பாருங்கள். விலையும் அளவும் கூடும், உங்கள் தெருவில் திரும்புமா என்பதையும் பார்க்க வேண்டும். பயணம் முடிந்ததும் சென்ற தூரம், செலவான யூனிட், சார்ஜருக்குக் காத்திருந்த நேரம் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். உங்களுக்கு 51.4 தேவையா, 42 கிலோவாட் மணி வகையே போதுமா என்பதை அந்த எண்களை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.